ஸ்டேட் யுனிவர்சிட்டில பிஎச்டி சேரப்போறீங்களா? கைடு, செக்‌ஷன், ஃபெல்லோஷிப் மூணையும் சமாளிக்கிற வழி

போன மாசம் ஊர்ல ஒரு கல்யாணத்துல பந்தியில பக்கத்துல உக்காந்த பொண்ணு, எம்.ஏ. முடிச்சுட்டேன் அக்கா, பிஎச்டி பண்ணலாம்னு இருக்கேன், எந்த யுனிவர்சிட்டி நல்லதுன்னு கேட்டுச்சு. சாம்பார்ல ஆரம்பிச்சு மோர் வர்ற வரைக்கும் பேசினேன், அப்பவும் பாதிதான் சொல்ல முடிஞ்சுது, இலையை மூடச் சொல்லிட்டாங்க. மிச்சத்தையும் சேத்து இங்க எழுதிடறேன். நான் படிச்சது தமிழ்நாட்டுல ஒரு அரசு பல்கலைக்கழகத்துல, தமிழ்த்துறை, ஃபுல் டைம். 2019ல சேர்ந்து வைவா (கடைசில நடக்கற வாய்மொழித் தேர்வு) முடிய அஞ்சரை வருஷம் ஆச்சு. எந்த யுனிவர்சிட்டின்னு மட்டும் கேக்காதீங்க, எனக்கு அங்க இன்னும் ஒரு சர்டிபிகேட் வாங்க வேண்டியிருக்கு.

மொதல்ல அந்தக் கேள்வியே தப்பு. எந்த யுனிவர்சிட்டின்னு கேக்காம எந்த கைடுன்னு, அதாவது நம்ம ஆராய்ச்சிய வழிநடத்தப்போற வாத்தியார் யாருன்னு கேளுங்க. சேப்பாக்கமோ, கோவை மருதமலை ரோடோ, நெல்லை அபிஷேகப்பட்டியோ, காரைக்குடியோ, எங்க போனாலும் அருமையான கைடும் உண்டு, ஆளையே கரைச்சுடற கைடும் உண்டு. எம்.ஏ.வுல பத்து வாத்தியார் பாடம் எடுப்பாங்க, ஒருத்தர் சரியில்லைன்னா இன்னொருத்தர வச்சு ஒப்பேத்திடலாம். பிஎச்டில ஒரே ஆளுதான். அவர் கையெழுத்து இல்லாம ஹாஸ்டல் ரூம் கெடையாது, ஃபெல்லோஷிப் வராது, ஊருக்குப் போக லீவு கெடையாது, கடைசில தீசிஸும் உள்ள போகாது. அஞ்சாறு வருஷம் வாழப்போற சம்பந்தம், விசாரிக்காம போகாதீங்க.

எப்படி விசாரிக்கிறதுன்னா, மொதல்ல அவர்கிட்ட எடம் இருக்கான்னு பாருங்க. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 ரெகுலேஷன்படி ஒரு புரொபசர் ஒரு நேரத்துல 8 பேரு, அசோசியேட் 6 பேரு, அசிஸ்டென்ட் 4 பேருதான் வச்சுக்கலாம். ரிட்டயர் ஆக மூணு வருஷத்துக்குள்ள இருக்கறவரு புதுசா ஆள் எடுக்கக் கூடாது. இது தெரியாம ஒரு சார் பின்னாடியே எட்டு மாசம் அலைஞ்ச பையன எனக்குத் தெரியும், அவரும் "பாக்கலாம்பா, பாக்கலாம்பா"ன்னே சொல்லிட்டிருந்தாரு, கடைசில பாத்தா அவருக்கு சர்வீஸ் இன்னும் ரெண்டு வருஷம்தான்.

அடுத்தது ஷோத்கங்கா. காந்திநகர்ல இருக்கற இன்ஃப்ளிப்நெட் நடத்துற தளம், நாட்டுல முடியிற தீசிஸ் எல்லாம் அதுல ஏத்தணும்னு விதி, காசு கெடையாது. அங்க போயி கைடு பேரப் போட்டுத் தேடுங்க. எத்தன பேரு முடிச்சிருக்காங்க, என்னென்ன தலைப்பு, எல்லாமே ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கான்னு பாருங்க. அப்படியே ஒரு தீசிஸ் எறக்கி கடைசில இருக்கற துணைநூற்பட்டியல மட்டும் படிங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி வந்த தீசிஸ்லயும் போன வருஷம் வந்த தீசிஸ்லயும் அதே நூல்கள் அதே வரிசையில வந்துச்சுன்னா, அந்த சார் சாப்டர படிக்கிறதில்லன்னு அர்த்தம்.

மூணாவது, இதுதான் முக்கியம், இப்ப அவர்கிட்ட இருக்கற ஸ்காலருங்கள கேளுங்க. டிபார்ட்மென்ட்டுக்குள்ள கேக்காதீங்க, அங்க எல்லாரும் "சார் தங்கமானவரு"ன்னுதான் சொல்லுவாங்க. கேட்டுக்கு வெளிய டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போங்க, டீ நீங்க வாங்கிக் குடுங்க. சார் எப்படின்னு பொதுவா கேட்டா பொதுவாத்தான் பதில் வரும். கடைசியா குடுத்த சாப்டர் எத்தன நாள்ல திரும்பி வந்துச்சுன்னு கேளுங்க. சாரோட ஈபி பில் யாரு கட்டுறாங்கன்னு கேளுங்க, சிரிக்காதீங்க, நெசமாவே கேளுங்க. பேங்குக்குப் போறது, ரயில் டிக்கெட் போடறது, பையன டியூஷன்ல விடறது, விடைத்தாள் கட்டு கூட்டிப் போட்டுக் குடுக்கறது, இதெல்லாம் யாரு தலையில விழுதுன்னு ஒரு டீக்குள்ள தெரிஞ்சுடும். பதில் சொல்லாம கிளாஸயே பாத்துட்டு இருந்தாங்கன்னா அதுவும் பதில்தான். பொண்ணுங்களா இருந்தா, அவர்கிட்ட முடிச்ச பொண்ணுங்க யாராவது ஒருத்தர தேடிப்பிடிச்சு தனியா பேசுங்க. அவர்கிட்ட சேர்ந்து பாதில விட்டுட்டுப் போன பொண்ணு இருந்தா அவங்ககிட்ட கண்டிப்பா பேசுங்க. ஒவ்வொரு யுனிவர்சிட்டிலயும் பாலியல் தொல்லைப் புகார விசாரிக்கிற உள்புகார்க் குழு இருக்கணும், அதுல யாரு இருக்காங்கன்னு சேர்ற அன்னிக்கே தெரிஞ்சு வச்சுக்கங்க, தேவப்படாம போகட்டும்.

என் கைடு எப்படின்னு கேப்பீங்க. நல்லவரு, நெறைய படிச்சவரு, ஆனா மறதி. என் ரெண்டாவது சாப்டர் அவரு கார் பின்சீட்ல ரெண்டு மாசம் கெடந்து கொடைக்கானல் வரைக்கும் போயிட்டு வந்துச்சு, மேல மூடி சரியில்லாத தண்ணி பாட்டில் வேற. அதுலேர்ந்து நான் என்ன பண்ணுவேன்னா சாப்டர மொத்தமா குடுக்க மாட்டேன், பதினஞ்சு பக்கம் பதினஞ்சு பக்கமா குடுப்பேன், குடுக்கறப்பவே "ஐயா, வர்ற வெள்ளிக்கெழம மூணு மணிக்கு வந்து வாங்கிக்கட்டுமா"ன்னு கேட்டுடுவேன். வெள்ளிக்கெழம அவரு படிச்சிருக்க மாட்டாரு, ஆனா நான் போயி நிக்கறத பாத்துட்டு அங்கயே உக்கார வச்சு படிப்பாரு. அதுதான் எனக்கு வேணும். வாட்ஸாப்ல பிடிஎஃப் அனுப்பிட்டு நீலக்கோடு விழுந்துச்சான்னு பாத்துட்டிருந்தா கத முடிஞ்சுது.

சேர்றதுக்கான வழி சுருக்கமா. பிஜில 55 சதவீதம் வேணும், எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளி, இடபிள்யூஎஸ்ஸுக்கு 50 போதும். 2024 ஜூன்லேர்ந்து நெட் (தேசிய தகுதித் தேர்வு) ரிசல்ட்ட மூணா பிரிக்கிறாங்க, ஜேஆர்எஃப் (மாச உதவித்தொகை கெடைக்கிற ஜூனியர் ஃபெல்லோஷிப்), அசிஸ்டென்ட் புரொபசர் தகுதி, பிஎச்டி அட்மிஷனுக்கு மட்டும்னு. ஜேஆர்எஃப் இல்லாத மத்த ரெண்டுக்கும் அந்த மார்க்க வச்சு ஒரு வருஷத்துக்குள்ள சேர்ந்துடணும், அட்மிஷன்ல நெட் மார்க்குக்கு 70, இன்டர்வியூவுக்கு 30. பல யுனிவர்சிட்டில அவங்களே தனியா என்ட்ரன்ஸும் வைப்பாங்க, நோட்டிபிகேஷன கடைசி பக்கம் வரைக்கும் படிங்க. பார்ட் டைம்னா வேலை பாக்கற எடத்துலேர்ந்து என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற கடிதம்) கட்டாயம். தபால்ல பிஎச்டி, ஆன்லைன்ல பிஎச்டின்னு யாராவது சொன்னா ஓடிடுங்க, அப்படி ஒண்ணு செல்லாது. எம்ஃபில் படிப்பையும் நிறுத்தியாச்சு.

தலைப்பு பத்தி ஒண்ணே ஒண்ணு. தலைப்பு எடுத்துட்டு சரக்கு தேடாதீங்க, சரக்கு எங்க இருக்குன்னு பாத்துட்டு தலைப்பு எடுங்க. "சங்க இலக்கியத்தில்"னு ஆரம்பிச்சு நடுவுல ஒரு சொல்லப் போட்டு "ஓர் ஆய்வு"ன்னு முடிக்கிற தலைப்பு ஏற்கெனவே எல்லாமே எழுதியாச்சு, பூ, மரம், பறவை, உணவு, அணிகலன் எதையும் விடல. நான் பழைய பத்திரிகைகள் பக்கம் போனதுக்குக் காரணமே தரமணி ரோஜா முத்தையா நூலகத்துல ஒரு மாசம் சும்மா உக்காந்து கேட்டலாக்க பொரட்டினதுதான். கோட்டையூர்ல ஒரு தனி மனுஷன் சேத்து வச்ச சேகரிப்பு அது, 1994லேர்ந்து ஆராய்ச்சி நூலகமா இருக்கு. அங்க கெடைக்காதது எழும்பூர் கன்னிமாராவுல கெடைக்கும், 1896லேர்ந்து நடக்குது, நாட்டுல அச்சாகுற புத்தகத்துல ஒரு பிரதி அங்க வரணும்னு சட்டமே இருக்கு. பெசன்ட் நகர்ல உ.வே.சா. நூலகம், எழும்பூர்ல ஆவணக் காப்பகம், தஞ்சாவூர்ல சரசுவதி மகால். ஆவணக் காப்பகத்துக்குப் போக கைடு லெட்டர் வேணும், டிபார்ட்மென்ட் லெட்டர்ஹெட்ல மொத வாரத்துலயே நாலஞ்சு வாங்கி வச்சுக்கங்க. மதிய சாப்பாடு கட்டி எடுத்துட்டுப் போங்க. பென்சில் கொண்டு போங்க, சில எடத்துல பேனா உள்ள விட மாட்டாங்க.

இப்ப காசு. ஜேஆர்எஃப் நான் சேர்ந்த வருஷம் மாசம் 31,000, 2023 ஜனவரிலேர்ந்து 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு எஸ்ஆர்எஃப் (சீனியர் ஃபெல்லோ) ஆனா 42,000. ஹாஸ்டல் எடம் இல்லன்னா எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) தனி. கன்டிஞ்சன்சின்னு ஆராய்ச்சிச் செலவுக்கு ஒண்ணு உண்டு, நம்மள மாதிரி இலக்கியம், வரலாறுன்னு படிக்கறவங்களுக்கு மொத ரெண்டு வருஷம் வருஷத்துக்கு 10,000, அப்புறம் 20,500, புத்தகம் வாங்கின பில், ஜெராக்ஸ் பில், பயண டிக்கெட் எல்லாம் தேதியோட எடுத்து வச்சாத்தான் அது கைக்கு வரும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இது மாசச் சம்பளம் மாதிரி ஒண்ணாந்தேதி வராது. கனரா பேங்க் போர்ட்டல்ல ஒவ்வொரு மாசமும் உங்க யுனிவர்சிட்டில ஒருத்தர் என்ட்ரி போடணும், இன்னொருத்தர் அப்ரூவ் பண்ணணும், அந்த ரெண்டு பேருல ஒருத்தர் லீவுல போனா அந்த மாசம் உங்க காசும் லீவு. அந்த ரெண்டு பேரும் யாருன்னு பேரோட தெரிஞ்சு வச்சுக்கங்க, மாசக் கடைசில போயி ஒரு வணக்கம் போட்டுட்டு வாங்க. மொத பணம் எனக்கு வர ஏழு மாசம் ஆச்சு. மொத்தமா வந்துச்சுதான், ஆனா அந்த ஏழு மாசம் அப்பா அனுப்பின காசுலயும் ரூம்மேட் தயவுலயும் ஓடுச்சு. ஹாஸ்டல் மெஸ் டிவைடிங் சிஸ்டம், மாசம் ஆன செலவ தின்ன தலைக்கு பிரிப்பாங்க, அதனால பொங்கல் லீவு மாதிரி எல்லாரும் ஊருக்குப் போற மாசத்துல நாம மட்டும் இருந்தா பில் எகிறும். அந்த மாசம் நாமளும் ஊருக்குப் போயி ரிடக்‌ஷன் எழுதிக் குடுத்துடணும். ஆறு மாசச் செலவுக்கு கையில காசு இல்லாம ஃபுல் டைம் சேராதீங்கன்னு சொல்றது கொடுமையாத்தான் இருக்கு, ஆனா அதுதான் நெலம.

ஜேஆர்எஃப் இல்லாதவங்க பாடு இன்னும் மோசம். மத்தியப் பல்கலைக்கழகத்துல நெட் இல்லாம சேர்ந்தாலும் மாசம் 8,000 குடுப்பாங்க, ஸ்டேட் யுனிவர்சிட்டில அது கெடையாது, சில எடத்துல மட்டும் யுஆர்எஃப்னு (யுனிவர்சிட்டியே குடுக்கற ஃபெல்லோஷிப்) கொஞ்ச பேருக்கு சின்னத் தொகை ஒண்ணு உண்டு. எஸ்சி, எஸ்டி, ஓபிசிக்கு தேசிய ஃபெல்லோஷிப் தனித்தனியா இருக்கு. தமிழ்நாடு அரசுல ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஸ்காலருங்களுக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் குடுக்கற திட்டம் இருக்கு, முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வு வைக்குது. இதெல்லாம் டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுக்கு வர்றதுக்குள்ள கடைசி தேதி தாண்டிடும், நீங்களே தேடுங்க.

அடுத்து செக்‌ஷன். யாரும் சொல்லித் தராத பாடம் இதுதான். யுனிவர்சிட்டின்னா டிபார்ட்மென்ட்னு நாம நெனச்சுக்கறோம், பாதி யுனிவர்சிட்டி அட்மின் பில்டிங்ல இருக்கு. எங்க பிஎச்டி செக்‌ஷன் மொத மாடில கடைசி ரூம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா டிசி (நம்ம ஆராய்ச்சிய மேற்பார்க்கற டாக்டரல் கமிட்டி) மீட்டிங் நடத்தி ரிப்போர்ட்ல கையெழுத்து வாங்கி அங்க குடுக்கணும். மூணாவது ரிப்போர்ட் குடுக்கப் போன அன்னிக்கு மேடம் சாப்பிடப் போயிருந்தாங்க, பக்கத்து டேபிள் அண்ணன் "வச்சுட்டுப் போம்மா, நான் சொல்லிடறேன்"னாரு, வச்சுட்டு வந்துட்டேன். சினாப்சிஸ் (தீசிஸ் சுருக்கம்) குடுக்கப் போறப்ப மேடம் என் ஃபைல பீரோலேர்ந்து எடுத்து நாடாவ அவுத்து, வெரல எச்சில் தொட்டு ஒவ்வொண்ணா பொரட்டறாங்க. ஒண்ணு இருக்கு, ரெண்டு இருக்கு, நாலு இருக்கு. மறுபடி மொதல்லேர்ந்து பொரட்டினாங்க. "மூணு இல்லையேம்மா." நான் குடுத்தேன் மேடம்னேன். "குடுத்ததுக்கு என்னம்மா ப்ரூஃப்?" என்கிட்ட ஒண்ணும் இல்ல. அப்புறம் என்ன, மறுபடி ரிப்போர்ட், அதுல கையெழுத்து போட்ட டிசி மெம்பர் ஒருத்தர் அதுக்குள்ள வேற ஊருக்குப் போயிட்டாரு, அவர தேடிப் போயி வாங்கி, லேட்டானதுக்கு மன்னிப்புக் கடிதம், அதுக்கு ஃபைன், அந்த ஃபைனுக்கு செலான், மொத்தமா நாலு மாசம் போச்சு. அதுல எனக்குக் கோவம் மேடம் மேல இல்ல, என் மேலதான்.

அதனால எந்தக் காகிதம் குடுத்தாலும் ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு அவங்களுக்கு, இன்னொண்ணுல ரிசீவ்டு சீல், தேதி, சின்னக் கையெழுத்து வாங்கி உங்க ஃபைல்ல போடுங்க. சீல் இல்லம்மான்னா கையெழுத்தும் தேதியும் போதும். ஃபோன்ல ஒரு படம். லெட்டர் எல்லாம் கைடு வழியா, துறைத்தலைவர் வழியாத்தான் போகணும், நேரா பதிவாளருக்கு எழுதினா அது சுத்திட்டு திரும்ப டிபார்ட்மென்ட்டுக்கே வரும், வர்றப்ப எல்லாருக்கும் உங்க மேல கடுப்பும் சேர்ந்து வரும். மதியம் ஒண்ணுலேர்ந்து மூணு போகாதீங்க, பதினோரு மணிதான் நல்ல நேரம். ஃபைல் எந்த டேபிள்ல நிக்குதுன்னு மட்டும் கேளுங்க, ஏன் நிக்குதுன்னு கேக்காதீங்க. அங்க இருக்கறவங்கள்ல பாதிப்பேரு தற்காலிக ஊழியருங்க, அவங்களுக்கே சில மாசம் சம்பளம் லேட்டா வரும், நம்ம எரிச்சல அங்க போயி காட்டறது நியாயமில்ல. எதுவும் நடக்கலன்னா கடைசியா ஆர்டிஐ இருக்கு, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி போட்டா 30 நாள்ல பதில் சொல்லியாகணும். ஒருதடவ நானும் போட்டேன், வேல செஞ்சுது, ஆனா அதுக்கப்புறம் ஒரு வருஷம் அந்த ரூம்ல யாரும் என்ன ஏறெடுத்துப் பாக்கல.

சேர்ந்ததும் படிக்க வேண்டிய பாடங்கள், அதான் கோர்ஸ் ஒர்க், அத பத்தி கவலப்படாதீங்க, கொறஞ்சது 12 கிரெடிட், 55 சதவீதம் எடுத்தாப் போதும், எல்லாரும் பாஸ். ஜர்னல்ல பேப்பர் போடறதுதான் தொல்லை. 2022 ரெகுலேஷன்ல தீசிஸ் குடுக்க பேப்பர் கட்டாயம்னு யுஜிசி சொல்றத விட்டுட்டாங்க, ஆனா உங்க யுனிவர்சிட்டி அதோட சொந்த விதியில வச்சிருக்கலாம், சேர்ற அன்னிக்கு இருக்கற விதிய அச்செடுத்து வச்சுக்கங்க. எந்த ஜர்னல் தரமானதுன்னு யுஜிசி வச்சிருந்த கேர் லிஸ்டையும் 2025ல கைவிட்டாச்சு. ரெண்டாயிரம் அனுப்புங்க அடுத்த வாரம் பேப்பர் வந்துடும்னு மெயில் போடற ஜர்னல்ல மட்டும் போட்றாதீங்க, பின்னாடி வேலைக்கு இன்டர்வியூ போறப்ப அதுவே வந்து மொகத்துல அடிக்கும்.

தமிழ்ல தீசிஸ் எழுதறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. மொத நாள்லேர்ந்து யூனிகோடுல நீங்களே டைப் பண்ணுங்க. என் சீனியர் அக்கா கையால எழுதி டிடிபி கடையில குடுத்தாங்க, கடைக்காரர் பழைய ஃபான்ட்ல அடிச்சுக் குடுத்தாரு. கருத்துத் திருட்டு சோதனைக்கு ஏத்தினா சாஃப்ட்வேருக்கு அது தமிழாவே தெரியல, யூனிகோடுக்கு மாத்தினா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம், முந்நூத்திச் சொச்சம் பக்கத்த ஒரு மாசம் உக்காந்து திருத்தினாங்க. விதிப்படி 10 சதவீதம் வரைக்கும் ஒத்துமை இருக்கலாம், மேற்கோள், துணைநூற்பட்டியல் எல்லாம் கணக்குல வராது, ஆனா மெஷின் சிலசமயம் பாட்டையும் சேத்து எண்ணிடும். தொல்காப்பிய சூத்திரத்த திருடினதா எனக்கும் ரிப்போர்ட் வந்துச்சு. லைப்ரரில அத எடுத்துட்டு மறுபடி ஓட்டச் சொல்லலாம், உரிமையோட கேளுங்க.

காலக்கெடு: சேர்ந்து கொறஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6, மறுபதிவு பண்ணினா இன்னும் 2. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுக்கு மேல இன்னொரு 2. பேறுகாலம், குழந்தை கவனிப்புக்கு மொத்தம் 240 நாள் லீவு உண்டு. கல்யாணம் ஆகி ஊர் மாறினா ஆராய்ச்சிய அப்படியே வேற யுனிவர்சிட்டிக்கு மாத்திக்கவும் வழி இருக்கு, இத நெறைய பொண்ணுங்க தெரியாமலே விட்டுட்டுப் போயிடறாங்க.

தீசிஸ் குடுத்தப்புறம் வெளியாளுங்க ரெண்டு பேராவது படிச்சு ரிப்போர்ட் அனுப்பணும், வைவா ரிசல்ட் வரைக்கும் எல்லாம் 6 மாசத்துல முடியணும்னு விதி. முடியாது. மூணு மாசம் ஆனதும் கைடு வழியா ஒரு நினைவூட்டல் லெட்டர் போடுங்க, ரிசீவ்டு சீல் மறக்காதீங்க. வைவா அன்னிக்கு பொன்னாடை, மாலை, எல்லாருக்கும் பிரியாணி, ஃப்ளெக்ஸ்னு ஒரு சின்னக் கல்யாணமே நடத்தணும்னு ஒரு வழக்கம் வந்துடுச்சு, கடன் வாங்கிப் பண்ணினவங்க இருக்காங்க. எனக்கு இது சுத்தமா புடிக்கல. நான் காப்பி, மிக்சர், ஜாங்கிரியோட நிறுத்தினேன், கைடு ஒண்ணும் சொல்லல, கூட இருந்த ஸ்காலருங்கதான் மொகத்த சுளிச்சாங்க.

நோ டியூஸ் (பாக்கி எதுவும் இல்லைங்கற) ஃபார்ம தீசிஸ் குடுக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே சுத்த ஆரம்பிங்க, லைப்ரரி, ஹாஸ்டல், மெஸ், விளையாட்டுத் துறை வரைக்கும் கையெழுத்து வேணும். அஞ்சு வருஷத்துல ஒரு பந்தத் தொட்டதில்ல, ஆனா அந்த விளையாட்டு சார புடிக்கத்தான் எனக்கு நாலு நாள் ஆச்சு. ப்ரொவிஷனல் சர்டிபிகேட் கைக்கு வந்ததும் கவுண்டர விட்டு நகராதீங்க, அங்கயே நின்னு பேர், இனிஷியல், தலைப்பு மூணையும் எழுத்து எழுத்தா பத்தாங்கிளாஸ் மார்க்‌ஷீட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. என்னோடதுல இனிஷியல் பின்னாடிக்குப் பதிலா முன்னாடி விழுந்திருந்துச்சு, சந்தோஷத்துல பாக்காம பஸ் ஏறிட்டேன். அந்த ஒத்த எழுத்த மாத்தத்தான் இப்ப ரெண்டாவது தடவையா மொத மாடி கடைசி ரூமுக்குப் போயிட்டு வந்திருக்கேன், மேடம் அடுத்த செவ்வாக்கெழம வரச் சொல்லியிருக்காங்க.